சண்டைக்கு ஒரு நாள் முழுக்க நேரம், சமாதானத்துக்கு ஒரு வரி இல்லையா?

குளச்சல்காரன்:
பக்கத்து ஊரில் கொடிக்கம்பம் நடுவதில் இரண்டு தெருக்காரர்களுக்குத் தகராறு. கொஞ்சம் பேர் சத்தம் போட்டதுதான், அடிதடிகூட இல்லை. யாரோ எடுத்த துண்டு வீடியோவை வைத்து ஒரு சேனல் சாயங்காலம் முழுக்க "குமரியில் பதற்றம்" என்று ஓட்டியது, அப்புறம்தான் உண்மையிலேயே பதற்றம் வந்தது, வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வந்து இறங்கினார்கள். கோட்டாட்சியர் முன்னால் பேசிக் கையெழுத்துப் போட்டு முடித்ததை அந்த சேனல் காட்டவே இல்லை. புகார் கொடுத்தால் பலன் உண்டா?

தக்கலை அண்ணாச்சி:
நான் பகுதி நேர நிருபராக இருந்தவன் தம்பி. செய்திக்கு இவ்வளவு என்றுதான் காசு. சண்டை வீடியோ அனுப்பினால் உடனே வாங்கிக்கொள்வார்கள், சமாதானக் கூட்டத்துக்காக தாலுகா ஆபீஸ் வாசலில் மதியம் வரை நின்றாலும் "விஷுவல் இல்லையே" என்பார்கள். பிரஸ் கவுன்சில் பத்திரிகைகளுக்கு மட்டும், அதுவும் கண்டிக்கத்தான் முடியும். டிவி என்றால் மத்திய அரசின் 2021 கேபிள் டிவி விதிப்படி முதலில் சேனலுக்கே எழுத வேண்டும், 15 நாளில் பதில் தர வேண்டும், திருப்தி இல்லாவிட்டால் அந்த சேனல் சேர்ந்திருக்கும் சுய ஒழுங்கு அமைப்புக்கு, அதாவது சேனல்கள் தங்களைத் தாங்களே கண்காணிக்க வைத்திருக்கும் அமைப்புக்கு, மேல்முறையீடு.

மணவாளக்குறிச்சி அக்கா:
எல்லாவற்றையும் டிவி தலையில் போடாதீர்கள். 1982-இல் நம் மாவட்டத்தில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த மண்டைக்காடு கலவரத்தின்போது வாட்ஸ்அப்பா இருந்தது? வதந்தியே போதுமாக இருந்தது. குன்றக்குடி அடிகளார் வந்து இரண்டு பக்கமும் பேசித்தான் மெல்ல அடங்கியது. செய்தியை அமுக்கச் சொல்வது எனக்குப் பிடிக்காது, முழுசாகச் சொல்லச் சொல்லுங்கள்.

வேணாட்டான்:
அக்கா சொல்வது சரி, ஆனால் ஒலிபரப்பையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஆப்பிரிக்காவில் இருக்கும் ருவாண்டாவில் 1993-இல் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். என்ற தனியார் வானொலி, அடுத்த வருடம் டுட்சி இன மக்கள் படுகொலையின்போது யாரைத் தேட வேண்டும் என்று பெயர் சொல்லியே தூண்டிவிட்டது, அதை நிறுவியவர்களில் இருவரை சர்வதேசத் தீர்ப்பாயம் 2003-இல் குற்றவாளிகள் என்றது. பக்கத்து காங்கோவில் 2002-இல் ஐ.நா. உதவியோடு வந்த ஒகாபி வானொலி, போரால் துண்டான பகுதிகளுக்கெல்லாம் ஒரே செய்தியை உள்ளூர் மொழிகளில் கொண்டுபோனது. அப்படி ஒன்று இங்கே இருந்தால் கையெழுத்தான அன்றைக்கே ஊருக்குத் தெரிந்திருக்கும்.

குளச்சல்காரன்:
சரி, சேனலுக்கு எழுதுகிறேன். சமாதான ஒப்பந்த நகலை யாரிடம் கேட்பது அண்ணாச்சி?

தக்கலை அண்ணாச்சி:
கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேள். இழுத்தடித்தால் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமை மனு போடு.