பிளாசிப் போரைப் பலகை விளையாட்டாக்கும்போது படைகளின் வலு எண்களை எப்படி நிர்ணயிப்பது?

கேள்வி:
1757 ஜூன் 23 அன்று நடந்த பிளாசிப் போரை, இருவர் ஆடும் அறுகோணக் கட்டப் பலகை விளையாட்டாக வடிவமைத்து வருகிறேன். காய் ஒன்றுக்கு 500 வீரர்கள் எனக் கொண்டால், வங்காள நவாப் சிராஜ் உத்தௌலாவுக்கு ஏறத்தாழ நூறு காய்களும் கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) படைத்தலைவர் கிளைவுக்கு வெறும் ஆறு காய்களும் கிடைக்கின்றன. கும்பினிப் படையின் வலு எண்ணைச் சற்று உயர்த்தினால் நவாப் நசுக்கிவிடுகிறார். மேலும் உயர்த்தினால் அந்த மூவாயிரம் பேரை எவராலும் அசைக்க முடிவதில்லை. வரலாற்றைத் திரிக்காமல் ஆட்டத்தைச் சமன் செய்ய வழி உண்டா?

மறுமொழி 1:
தங்கள் சிக்கல் வலு எண்ணில் இல்லை, களத்தில் யாரை எண்ணுகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. லாஞ்செஸ்டரின் இருபடி விதிப்படி ஒரு படையின் வலு, வீரர்களின் தரத்தோடு எண்ணிக்கையின் இருபடியைப் பெருக்கி வருவது. 50,000 பேருக்கு எதிராக 3,000 பேர் என்றால், சமநிலைக்கு ஒவ்வொரு கும்பினி வீரனும் எதிரியைப் போல் ஏறத்தாழ 278 மடங்கு தரமுள்ளவனாக இருந்தாக வேண்டும். இப்படியொரு விடை வரும்போது, உள்ளே இட்ட எண்ணைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நவாபின் தளபதிகளான மீர் ஜாபர், யார் லுத்ஃப் கான், ராய் துர்லப் ஆகியோரின் பெரும்படைகள் அன்று போரிடாமல் நின்றன. உண்மையில் மோதியவை மீர் மதன், மோகன்லால் ஆகியோரின் கீழிருந்த சுமார் 12,000 பேரும், குளக்கரையில் நான்கு சிறு பீரங்கிகளுடன் நின்ற ஏறத்தாழ ஐம்பது பிரெஞ்சுக்காரரும் மட்டுமே. இப்போது தேவைப்படும் தரம் 16 மடங்காகக் குறைகிறது. மீதியை, கிளைவின் படை நின்ற மாந்தோப்பைச் சுற்றியிருந்த மண்கரையும் பள்ளமும் ஈடுசெய்யட்டும்.

மறுமொழி 2:
எண்ணிக்கையைத் திருத்தியது சரி; ஆனால் இருபடி விதியை இங்கே பொருத்துவதை நான் ஏற்கவில்லை. ஒரு தரப்பின் எல்லா வீரர்களும் எதிர்த்தரப்பின் எவரையும் குறிபார்த்துச் சுடக்கூடிய நிலையில்தான் அவ்விதி செல்லும். பிளாசியில் நாளின் பெரும்பகுதி பீரங்கிச் சண்டையாகவே கழிந்தது. பின்வரிசையில் நின்ற ஆயிரக்கணக்கானோர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. ஆகவே காலாட்படையையும் பீரங்கிகளையும் ஒரே வலு எண்ணில் கலக்காதீர்கள். நவாபின் கனரகப் பீரங்கிகள் பெரிய மேடைகளின் மேல் ஏற்றப்பட்டு, மாடுகள் முன்னால் இழுக்க யானைகள் பின்னால் தள்ள நகர்ந்தவை; அவற்றுக்குத் தாக்குவலு அதிகமாகவும் நகர்வு மிகக் குறைவாகவும் இருக்கட்டும். நண்பகல் மழைக்கெனத் தனிச் சுற்று ஒன்றை வையுங்கள். கும்பினியார் வெடிமருந்தைத் தார்ப்பாயால் மூடிக் காத்தனர், நவாபின் மருந்து நனைந்துபோயிற்று. எதிரியின் பீரங்கிகளும் ஓய்ந்துவிட்டன என்று எண்ணி முன்னேறியவர்கள் சிதறடிக்கப்பட்டது அப்போதுதான். மழை முடிந்ததும் நவாபின் பீரங்கி வலு பாதியாகக் குறையும் என்ற ஒரே விதி, பத்து வலு எண்களைத் திருத்துவதைவிட நல்ல பலன் தரும்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு ஐயம் எஞ்சியிருக்கிறது. நவாபாக ஆடுபவர் வரலாறு அறிந்தவராயின், மீர் ஜாபரை நம்பாமல் முதல் சுற்றிலேயே அவரை ஒதுக்கிவிடுவாரே?

மறுமொழி 3:
அதனால்தான் துரோகத்தை ஆட்டத் தொடக்கத்தில் எவருக்கும் தெரியாதபடி நிர்ணயிக்க வேண்டும். மூன்று தளபதிகளுக்கும் கவிழ்த்துவைத்த வில்லைகள் கொடுத்து, அவர்களில் எத்தனை பேர் அசையமாட்டார்கள் என்பதையும் குலுக்கலுக்கு விட்டுவிடுங்கள். கட்டளையிட்ட பின்பே வில்லையைத் திருப்ப வேண்டும். கிளைவாக ஆடுபவருக்கும் அது தெரியக்கூடாது. போருக்கு இரண்டு நாள் முன்பு கூடிய ஆலோசனைக் குழுவில் உடனடித் தாக்குதலுக்கு எதிராகவே பெரும்பான்மையோர் வாக்களித்தனர், கிளைவும் அவர்களில் ஒருவர் என்பதை நினைவிற்கொள்க.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு தரப்பு மேலோங்கினால், வலு எண்களைத் தொடாமல் வெற்றி நிபந்தனையை மாற்றுங்கள். கும்பினிக்கு அன்று இறந்தோர் சுமார் இருபது பேர்தாம். அந்தச் சிறு படைக்கு உடனே மாற்று ஆள் கிடைத்திருக்காது. எனவே கிளைவ் ஒரு முழுக் காயை இழந்தாலே, நவாபின் முகாமைப் பிடித்தாலும், ஆட்டம் சமன் என வைத்துப் பாருங்கள். அதே இருவர் தரப்பை மாற்றி மாற்றி ஆடட்டும். ஒவ்வொரு முறையும் ஒரு விதியை மட்டுமே திருத்துங்கள், இல்லாவிட்டால் எந்தத் திருத்தம் பலன் தந்தது என்பது புலப்படாது.