வி-கிராஸ் தொட்டியில் கேம்பர் பெட்டி: இரும்பா, அலுமினியமா?

பவானிக்காரர்:
வணக்கம். வரும் மே மாதம் ரிட்டயர்மென்ட். கணக்குப் புத்தகத்தைப் பார்த்தே காலம் போய்விட்டது, இனி வண்டியிலேயே படுத்து எழுந்து ஊர் சுற்றலாம் என்று நானும் வீட்டம்மாவும் முடிவு செய்திருக்கிறோம். மகனிடம் சொன்னால், "ரூம் போட்டுத் தங்குங்களேன்ப்பா" என்கிறான். ரூம் போட்டுத் தங்குவதற்கு நான் எதற்கு வெல்டிங் மெஷின் வாங்கினேன்?

வண்டி செகண்ட் ஹேண்ட் இசுசு வி-கிராஸ் பிக்கப், வெள்ளை போர்டு. பின் தொட்டியில் வைத்து எடுக்கிற மாதிரி ஒரு பெட்டி செய்யப் போகிறேன். ஊருக்குப் போகாத நாட்களில் போர்டிகோவில் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) போட்டுத் தூக்கி வைத்துவிடலாம். வரைபடத்தில் இப்போதைக்கு இருப்பது: ஒரு இஞ்ச் இரும்பு ஸ்கொயர் பைப் சட்டம், உள்ளே 18 எம்.எம். பிளைவுட், வெளியே தகடு, 100 லிட்டர் தண்ணீர் டேங்க், சின்ன ஏசி.

சிக்கல் என்னவென்றால் தொட்டி நீளம் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு, நான் ஐந்தடி எட்டு அங்குலம். கேபினுக்கு மேலே படுக்கையை நீட்டலாம் என்றால் வீட்டம்மாவுக்கு முட்டி வலி. "ஏணி வைத்தால் நான் வரவில்லை" என்று சொல்லிவிட்டாள். ஆர்.டி.ஓ. பக்கம் ஏதாவது தொல்லை வருமா? இரும்பு போதுமா, அலுமினியம் வேண்டுமா?

சங்ககிரி_வெல்டர்:
அண்ணே, முதலில் எடை. எட்டுக்கு நாலு 18 எம்.எம். பிளைவுட் ஒரு ஷீட் 35 கிலோ வரும். உங்கள் பெட்டிக்கு ஐந்தாறு ஷீட்டாவது வேண்டும். 200 கிலோ அதிலேயே போய்விடும். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ. இன்னும் சட்டம், பேட்டரி, சிலிண்டர், அரிசி மூட்டை எதையும் ஏற்றவில்லை. ஆர்.சி. புக்கில் மொத்த எடை எவ்வளவு என்று பாருங்கள். டீசலை ஃபுல்லாக அடித்து, இரண்டு பேரும் உட்கார்ந்தபடியே எடை மேடையில் ஏற்றுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கையிருப்பு. இரட்டை கேபின் வண்டியில் அது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கும்.

அதனால் அலுமினியம்தான். அதே அளவு பைப், இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். ஆனால் உங்களிடம் இருப்பது சாதா ஆர்க் மெஷின் என்றால் அதில் அலுமினியம் ஒட்டாது, ஆர்கான் வாயு வைத்துச் செய்கிற வெல்டிங் வேண்டும். மூலைக்கு மூலை முக்கோணத் தகடு வைத்து ரிவெட் அடித்துவிடுங்கள், கெட்டியாக நிற்கும். அடிச்சட்டம் மட்டும் இரும்பில் போடலாம், உங்கள் மெஷினுக்கும் வேலை கிடைக்கும். இரும்பும் அலுமினியமும் தொடுகிற இடத்தில் ரப்பர் வையுங்கள். ஈரம் பட்டால் அலுமினியத்தை அரித்துவிடும். சுவருக்கு 6 எம்.எம். பிளை போதும், ஷீட் 12 கிலோதான். நடுவில் பஃப் (வெப்பம் தடுக்கிற நுரை), வெளியே ஏ.சி.பி. ஷீட் (நடுவில் பிளாஸ்டிக் வைத்த அலுமினியத் தகடு).

டேங்க், பேட்டரி இரண்டையும் பின் ஆக்ஸிலுக்கு முன்னால், கேபினை ஒட்டித் தாழ்வாக வையுங்கள். கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது ஏன் சொன்னேன் என்று தெரியும். எங்கள் லாரிக்காரர்கள் கேபினில் தூங்கி, பக்கவாட்டுப் பெட்டியில் அடுப்பு வைத்துச் சமைத்து வடநாடு வரை போய் வருகிறார்கள். அவர்களில் யாரும் பிளைவுட் அலமாரி கேட்டதில்லை!

கோவை_மலைப்பாதை:
சார், சட்டம் பற்றி: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தொட்டியை வெட்டாமல், சேஸில் துளை போடாமல், டர்ன்பக்கிளில் (திருகி இறுக்குகிற கொக்கி) கட்டி இறக்கிவிடக்கூடிய பெட்டி என்றால் "இது சாமான்" என்று வாதாட இடம் இருக்கிறது. அது வாதம்தான், உத்தரவாதம் இல்லை. வரைபடத்தோடு பிரேக் இன்ஸ்பெக்டரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள், போனில் சொல்வதை நம்ப வேண்டாம். ஓடும்போது பெட்டிக்குள் யாரும் உட்காரவே கூடாது. வண்டியையே கேம்பராக மாற்றிப் பதிய வேண்டும் என்றால் ஏ.ஐ.எஸ். 124 என்று தனித் தரம் இருக்கிறது. வீட்டில் வெல்டிங் செய்பவருக்கு அந்த வழி சரிப்படாது.

ஏசி ஆசையை விட்டுவிடுங்கள். 12 வோல்ட் 100 ஏ.எச். லித்தியம் பேட்டரியில் மொத்தமே 1,280 வாட்-அவர்தான். முக்கால் டன் ஏசி 700 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. எதிரெதிரே இரண்டு ஜன்னல், கூரையில் ஒரு எக்ஸாஸ்ட், ஒரு டி.சி. ஃபேன். கூரைக்கு வெள்ளை பெயின்ட். சித்திரை வெயிலில் சமவெளியில் படுக்காதீர்கள், மலை ஏறிவிடுங்கள்.

நெல்லை_அக்கா:
அண்ணா, ஏணி வேண்டாம் என்று அண்ணி சொன்னதுதான் சரி. ராத்திரி இரண்டு தடவை எழ வேண்டிய வயது நமக்கு. பெட்டியின் பின்கதவுக்குக் கீழ்ப்பக்கம் கீல் வைத்து, வண்டியை நிறுத்தியதும் அந்தக் கதவை, இறக்கிய டெயில்கேட் (தொட்டியின் பின்பலகை) மேல் படுக்க வையுங்கள். ஒன்றரை அடி கூடும். அதற்கு மேலே தார்ப்பாய்க் கூண்டு போட்டுக் கொசுவலை தையுங்கள். சக்கர மேட்டுக்கு மேலே பலகை போட்டால் அகலம் ஐந்தடி கிடைக்கும், இரண்டு பேர் நீட்டிப் படுக்கலாம். கீழே சாமான். இறங்குவதற்கு ஏணி கிடையாது, அகலமான இரண்டு படி, கைப்பிடியோடு.

கேஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே? சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும். சிலிண்டர் வைக்கும் அறையின் அடியில் ஓட்டை கட்டாயம் வேண்டும். சமையல் வெளியேதான். ராத்திரி தங்க, கழிப்பறை நன்றாக இருக்கிற பெட்ரோல் பங்க் பாருங்கள். டீசல் போட்டுவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

பவானிக்காரர்:
எல்லோருக்கும் நன்றி. ஏசி போச்சு, 18 எம்.எம். போச்சு, டேங்க் 40 லிட்டராகிவிட்டது. எடை மேடைக்கு நாளை போகிறேன். தார்ப்பாய்க் கூண்டு யோசனையைப் படித்துக் காட்டினேன், வீட்டம்மா இப்போதே கொசுவலைக்கு அளவு கேட்கிறாள். வெல்டரே, இத்தனை ரிவெட்டும் கையால் அடிக்கிற ரிவெட் கன்னிலேயே அடித்துவிடலாமா?

சங்ககிரி_வெல்டர்:
அடிக்கலாம், ஆனால் சாயங்காலம் சோற்றைப் பிசைய முடியாது. டிரில்லில் மாட்டுகிற ரிவெட் அடாப்டர் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.