பானெட்டுக்கு வாஷர் வைத்துத் தூக்கினால் சூடு குறையுமா?

காசிமேட்டுக்காரன்:
2010 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், நான் இரண்டாவது ஓனர். வீடு காசிமேடு, வேலை எண்ணூர். எக்ஸ்பிரஸ் ரோட்டில் வண்டி ஓடும்வரை டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டாது. ஹார்பருக்கு வரிசை கட்டி நிற்கிற கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே பத்து நிமிடம் மாட்டினால் முக்காலுக்கு ஏறிவிடும், ஏசியில் அனல் காற்று. கூலன்ட் இருக்கிறது, ரேடியேட்டர் மூடி புதிது, ஃபேனும் சுற்றுகிறது. பானெட்டின் பின்பக்கக் கீலில் வாஷர் போட்டு விரலளவு தூக்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். செய்யலாமா? அடியில் பிளாஸ்டிக் தட்டும் கிடையாது, மழைத் தண்ணீரில் இறக்கியபோது கிழிந்துவிட்டது. அது இல்லாதது காற்றுக்கு நல்லதுதானே?

பெரம்பூர் ஓட்டி:
நான் வைத்துப் பார்த்துவிட்டேன். சிக்னலில் நின்றால் அந்த இடுக்கில் சூடு வெளியே வருவது கையில் தெரியும், அது நிஜம். ஆனால் வேகமாகப் போகும்போது முன்கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் அதிகம், அதனால் காற்று உள்ளேதான் தள்ளும். கேபினுக்குக் காற்று எடுக்கும் வழியும் அங்கேதான், எனவே ஆயில் வாடை வண்டிக்குள் வந்தது. ஐப்பசி மழையில் பிளக் பக்கம் தண்ணீர் இறங்கி வண்டி திக்கியது. அன்றே கழற்றிவிட்டேன்.

வியாசர்பாடி ஷெட்:
தம்பி, வாஷர் இருக்கட்டும். முதலில் ஒரு வேலை செய்யுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து ஏசி போட்டு, ஒரு முழு நியூஸ்பேப்பர் தாளை கிரில்லுக்கு முன்னால் பிடியுங்கள். தாள் கிரில்லோடு ஒட்ட வேண்டும். உங்கள் முகத்துக்கு வந்தால் கதையே வேறு.

அடித்தட்டு இல்லாதது நல்லது என்று யார் சொன்னது? ரேடியேட்டரைத் தாண்டி வந்த சூடான காற்று, வண்டி நிற்கும்போது அடி வழியாகச் சுற்றி முன்னால் வந்து மறுபடி ரேடியேட்டருக்குள்ளேயே போகும். ஒரே காற்றை வைத்துக் குளிர்விக்கப் பார்த்தால் முள் ஏறத்தான் செய்யும். ரேடியேட்டரின் இரண்டு பக்கமும் மேலேயும் இடுக்கு இருந்தாலும் இதே கதைதான். புதிதாக ஓட்டை போடுவதற்கு முன்னால் இருக்கிற ஓட்டையை அடையுங்கள். ஏசி பைப்புக்குச் சுற்றும் கருப்பு ஃபோம் போதும். மெத்தை ஸ்பான்ஜ் வேண்டாம், தண்ணீரைக் குடித்துக்கொண்டு தொங்கும்.

எண்ணூர் போகிற வண்டி என்கிறீர்கள், முன்னால் இருக்கிற ஏசி கன்டென்சருக்கும் அதன் பின்னால் இருக்கிற ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள், கறுப்பு மண் அப்பியிருக்கும். என்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, சாதாரண ஹோஸில் மெதுவாக அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் கன் வைத்தால் ஃபின் என்கிற மெல்லிய தகடெல்லாம் மடங்கிவிடும். கடற்கரை ஓரம் ஓடிய வண்டியில் உப்புக் காற்று பட்டு ஃபின் விரல் பட்டாலே பொடியாக உதிரும். அப்படி இருந்தால் ரேடியேட்டரையே மாற்ற வேண்டியதுதான்.

இன்னொன்று, ரேடியேட்டருக்குக் கூலன்ட் போவதைத் திறந்து மூடுகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடு என்று ஒருத்தர் சொல்வார். காதில் வாங்காதீர்கள்.

காசிமேட்டுக்காரன்:
அண்ணே, தாள் என் முகத்தில் வந்து அடித்தது! மாசி மாதம்தான் ஒரு கடையில் ஃபேன் மோட்டார் மாற்றினேன்.

வியாசர்பாடி ஷெட்:
அதான். வேறு வண்டியின் மோட்டாரை மாட்டி ஒயரை முறுக்கி விட்டிருப்பார்கள். இரண்டு ஒயரும் இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். ஓட்டத்தில் எதிர்க்காற்று அதையும் மீறி உள்ளே வந்துவிடும், நின்றால்தான் குட்டு வெளிப்படும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு அந்த இரண்டையும் மாற்றிப் போடுங்கள். டேப் மட்டும் சுற்றாமல் நல்ல கனெக்டர் வையுங்கள்.

காசிமேட்டுக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை மாற்றினேன், தாள் கிரில்லில் பச்சென்று ஒட்டியது. பக்கத்து இடுக்குகளில் ஃபோமும் வைத்தேன். பழைய ஓனர் அழகுக்கு மாட்டிய குரோம் வலை கிரில்லில் பாதியை மறைத்திருந்தது, அதையும் பிடுங்கிப் போட்டேன். நேற்று கத்திரி வெயிலில், மதியம் இரண்டு மணிக்கு, டிரெய்லர்களுக்கு நடுவே இருபத்தைந்து நிமிடம் நின்றேன். முள் பாதிக்கு மேல் ஒரு கோடு ஏறியது, ஃபேன் சத்தம் கேட்டதும் இறங்கிவிட்டது. ஏசி ஜில்லென்று இருந்தது. அந்தக் கடைக்காரரிடம் போய்க் கேட்கவா, வேண்டாமா?

வியாசர்பாடி ஷெட்:
கேட்டால் ‘நாங்கள் மாட்டும்போது சரியாகத்தான் சுற்றியது’ என்பார்கள். அந்த நேரத்துக்குப் புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளுக்குப் போய் அடித்தட்டு பாருங்கள். பிளாஸ்டிக் கிளிப் ஒரு பத்து தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், பழைய தட்டோடு கிளிப் வராது.