பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் வெட்டி வெட்டி ஆடுகிறது, டேம்பர் மாற்றியும் தீரவில்லை

மண்சாலை:
பழைய ஃபோர் வீல் டிரைவ் பிக்கப். முன்னால் லீஃப் ஸ்பிரிங், சாலிட் ஆக்சில். 55, 60 கிலோமீட்டர் வேகத்தில் சின்னப் பள்ளம் வந்தால் போதும், ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் அடிக்கிறது. கையால் பிடித்து நிறுத்த முடியவில்லை. வேகம் 30க்குக் கீழே வந்தால்தான் அடங்குகிறது. வீல் பேலன்சிங் செய்தாயிற்று. ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங் உதறலை அமுக்கும் ஷாக் அப்சார்பர்) புதிது. பத்து நாள் நன்றாக இருந்தது, அப்புறம் பழைய கதைதான். இப்போது ஸ்டீயரிங் பாக்ஸை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

டபுள்கியர்:
பாக்ஸை இப்போதைக்குத் தொடாதீர்கள். பத்து நாள் நன்றாக இருந்ததுதான் துப்பு. எங்கோ லூஸ் இருக்கிறது, புது டேம்பர் அதை அமுக்கி வைத்திருந்தது. சமமான ரோட்டில் நடுக்கம் உண்டா? பிரேக் பிடிக்கும்போது?

மண்சாலை:
இரண்டும் இல்லை. பள்ளத்தில் விழுந்தால்தான்.

டபுள்கியர்:
சரி, அப்படியென்றால் பேலன்சிங்கும் பிரேக்கும் தப்பித்தன. வண்டியைத் தரையிலேயே நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கொஞ்சமாக ஆட்டட்டும். பவர் ஸ்டீயரிங் என்றால் இன்ஜின் ஓட வேண்டும். நீங்கள் டிராக் லிங்க் (பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி), டை ராட் எண்ட் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் கம்பியின் மூட்டு), ஸ்பிரிங் புஷ் எல்லாவற்றிலும் கை வைத்துப் பாருங்கள். தூக்கிவிட்டால் பாரம் போய்விடும், பாதி லூஸ் தெரியாது.

அப்புறம் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் உடனே வீல் பேரிங் என்று முடிவு கட்ட வேண்டாம் (நான் அப்படித்தான் ஒரு ஜோடி பேரிங்கை வீணாக மாற்றினேன்). பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின் (சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு).

கரடுமுரடு:
வண்டியை உயர்த்தினீர்களா? ஷாக்கிள் (ஸ்பிரிங் முனையைச் சேஸியோடு இணைக்கும் கொண்டி) முன்பக்கம் இருக்கும் வண்டியில் அதை நீளமாக்கினால் காஸ்டர் (திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்துவிடும். சக்கரம் தானாக நேரே திரும்பும் குணம் போய், இதே தொல்லை வரும்.

மண்சாலை:
உயர்த்தவில்லை, டயரும் கம்பெனி அளவுதான். பார்த்துவிட்டேன்: இடது சக்கரம் பிரேக் மிதித்தும் ஆடுகிறது. ஒரு டை ராட் எண்டும் போயிருக்கிறது.

டபுள்கியர்:
கிங்பினேதான். மேலும் கீழும் டேப்பர் பேரிங் இருக்கும் வகை என்றால் கழற்றிப் பாருங்கள். பேரிங் நன்றாக இருந்தால் மேல் மூடிக்கு அடியில் இருக்கும் மெல்லிய ஷிம் தகட்டைக் குறைத்தாலே இறுகும். தடம் விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். டை ராடைக் கழற்றிய நிலையில் ஸ்பிரிங் தராசை நக்கிள் ஆர்மில் (சக்கரத்தைத் திருப்பும் கரம்) மாட்டி இழுத்து, மேனுவலில் சொன்ன அளவு வருகிறதா பாருங்கள். கைக்கணக்கு வேண்டாம். டை ராட் எண்ட் மாற்றிய பிறகு டோ (முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ பார்க்கும் அளவு) சரிபார்க்க மறக்காதீர்கள்.

மண்சாலை:
கீழ்ப் பேரிங் கப்பில் ரோலர் தடம் கோடு கோடாகப் பதிந்திருந்தது. இரண்டு பக்கமும் மாற்றி, டை ராட் எண்டும் போட்டு, டோ வைத்தாயிற்று. அதே பள்ளத்தில் 60ல் இறக்கினேன். ஒரே ஒரு உதறல், அதோடு அடங்கிவிட்டது. ஸ்டீயரிங் பாக்ஸ் பழசேதான்.