அறிவுத்திறனுக்கு மனிதர், இயந்திரம் இரண்டுக்கும் பொருந்தும் வரையறை உண்டா?

ஊத்தங்கரை ஆசிரியர்: 1997இல் டீப் புளூ கணினி சதுரங்கத்தில் உலகச் சாம்பியன் காஸ்பரோவை வென்றதை வகுப்பில் சொன்னபோது, "அப்படியென்றால் அது அவரைவிட அறிவாளியா?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்கு எப்படி விளக்குவது?

தருமபுரி வாசகி: ஐயா, இயந்திரம் சிந்திக்குமா என்பதை ஒதுக்கிவிட்டு, எழுத்துவழி உரையாடலில் அதை மனிதரிடமிருந்து பிரித்தறிய முடிகிறதா என்று பார்க்கும்படி 1950இல் கணிதவியலாளர் ஆலன் டியூரிங் சொன்னார். ஆனால் அது வெளித்தோற்றத்தை மட்டுமே சோதிக்கிறது என்பது என் தயக்கம்.

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிக்காரர்: டீப் புளூ நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை அலசியது, சதுரங்கம் தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது. புதிய திறமையை எவ்வளவு குறைந்த அனுபவத்தில் ஈட்டுகிறோம் என்பதே அறிவுத்திறனின் அளவுகோல் என்று 2019இல் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் பிரான்சுவா ஷோலே எழுதினார். எனக்கு இதுவே சரியாகப் படுகிறது. மண்டியில் புதிதாகச் சேரும் பையன், காம்பைச் சுற்றித் தோள் திரண்டிருக்கிறதா என்று பார்த்துப் பெங்களூரா காயின் முற்றலைச் சில நாளில் பிடித்துக்கொண்டு, அதே கண்ணோடு செந்தூராவுக்கும் மாறிவிடுகிறான். படம் பார்த்துத் தரம்பிரிக்கும் இயந்திரத்துக்கோ, ரகம் மாறினால் பெரும்பாலும் மறுபடி பயிற்சி கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஊத்தங்கரை ஆசிரியர்: அப்படி அளக்கும்போது, பையனுக்கு முன்பே இருக்கும் அறிவை எப்படிக் கழிப்பது?

மண்டிக்காரர்: அதற்காகவே ஷோலே உருவாக்கிய வண்ணக் கட்டப் புதிர்களில் மொழியறிவு தேவைப்படாது, சில எடுத்துக்காட்டுகளைக் கொண்டே விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். மாணவியிடமே ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்.