ஃபார் லூப்பில் வரிசை எண் குழம்புகிறது, யாராவது பாருங்களேன்

முதுநகர்க்காரன்:
மாமா கடலூர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கிறார். நோட்டில் எழுதும் கூடைக் கணக்கைப் பைத்தான் நிரலாகப் போட்டுத் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். லிஸ்ட்டில் மத்தி, சங்கரா, மத்தி, நெத்திலி, மத்தி என்று ஐந்து கூடை. லிஸ்ட்டை ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் லூப்புக்குள் கூடைகள்.இன்டெக்ஸ்(மீன்) எடுத்து 1 கூட்டி அச்சிட்டால் 1, 2, 1, 4, 1 என்று வருகிறது. மத்தி மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது?

மஞ்சக்குப்பம்:
மத்தி மேல் தப்பில்லை தம்பி. நீ லூப்பில் எங்கே நிற்கிறாய் என்பது இன்டெக்ஸுக்குத் தெரியாது, கேட்ட பெயரை லிஸ்ட்டின் தொடக்கத்திலிருந்து தேடி முதலில் கண்ட இடத்தைச் சொல்லிவிட்டு நின்றுவிடும், அதனால் எத்தனையாவது மத்தியைக் கேட்டாலும் பதில் முதல் மத்திதான். ஒவ்வொரு சுற்றிலும் இப்படித் தேடுவதால் பெரிய லிஸ்ட்டில் நொண்டவும் செய்யும். எண் = 0 என்று வைத்து லூப்பில் ஒவ்வொன்றாகக் கூட்டு.

முதுநகர்க்காரன்:
அண்ணா, இப்போது எல்லாமே 1!

முத்தியால்பேட்டை:
நிரலைப் பார்க்காமலே சொல்கிறேன், எண் = 0 வரி ஃபாருக்குள்ளே தள்ளி இருக்கும். சுற்றுக்கு ஒரு தடவை பூஜ்யத்துக்குப் போனால் எப்படி ஏறும்? அதை ஃபாருக்கு மேலே கொண்டுபோங்கள். என்னைக் கேட்டால் அந்த வேலையே வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் தானே எண் போட்டுத் தரும் என்யூமரேட் பைத்தான் 2.3 பதிப்பிலிருந்தே இருக்கிறது:

ஃபார் எண், மீன் இன் என்யூமரேட்(கூடைகள், ஸ்டார்ட்=1):

ஸ்டார்ட் போடாவிட்டால் 0-இல் தொடங்கும், மாமா திட்டுவார். எண், மீன், கூடைகள் எல்லாம் பைத்தான் 3-இல் தமிழிலேயே வைக்கலாம், மற்றவை ஆங்கிலத்தில்தான்.

முதுநகர்க்காரன்:
வந்துவிட்டது. ஆனால் அசல் லிஸ்ட்டில் மூன்றாவது இடம் காலி, அதை இஃப் போட்டுத் தாண்டினால் 1, 2, 4 என்று குதிக்கிறது. லூப்புக்குள்ளேயே ரிமூவ் செய்துவிடவா?

மஞ்சக்குப்பம்:
ஐயோ, அதை மட்டும் செய்யாதே. ஓடும்போது ஒன்றை எடுத்தால் பின்னால் இருப்பதெல்லாம் ஒரு இடம் முன்னே நகரும், லூப் அடுத்த இடத்துக்குப் போய்விடும், நடுவில் ஒரு கூடை எண்ணாமலே போகும். அடுத்தடுத்து இரண்டு காலி இருந்தால் ஒன்று அப்படியே தங்கிவிடும். உன் இஃப் வருவதற்கு முன்னாலேயே என்யூமரேட் எண் கொடுத்துவிடுவதால்தான் குதிக்கிறது. முதலில் காலியை விட்டுப் புது லிஸ்ட் ஒன்று எடு, அப்புறம் அதை என்யூமரேட்டில் கொடு.

முதுநகர்க்காரன்:
சரியாகிவிட்டது அண்ணா. மாமா பார்த்துவிட்டு, "அது இருக்கட்டும், மொத்தம் மத்தி எத்தனை கூடை?" என்கிறார்.

முத்தியால்பேட்டை:
கலெக்‌ஷன்ஸ் என்ற பைத்தான் தொகுப்பில் எது எத்தனை என்று எண்ணித் தரும் கவுண்டர் இருக்கிறது, லிஸ்ட்டை அப்படியே கொடுங்கள், மத்தி 3 என்று சொல்லும். லூப்பே வேண்டாம்.