பூஞ்சையின் கொழுப்பமில நொதியம்: பீப்பாய்க்குள் யார் சுமக்கிறது?

உவர்மலை ரீச்சர்:
திருகோணமலையில் உயர்தர உயிரியல் படிப்பிக்கிறேன். பூஞ்சையின் கொழுப்பமிலத் தொகுப்பு நொதியத்தின் பளிங்கு அமைப்புப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். 2.6 மெகாடால்டன் நிறை, ஆறு ஆல்பா, ஆறு பீட்டாச் சங்கிலிகள் சேர்ந்த பீப்பாய். பின் வாங்கில் இருந்த பெடியன், “உள்ளுக்குள் வளருகிற கொழுப்பமிலச் சங்கிலியை ஆர் மிஸ் தூக்கித் திரியிறது?” என்று கேட்டான். நல்ல கேள்வி. எப்படி விளக்கலாம்?

நிலாவெளியான்:
ஏசிபி என்கிற சின்னப் புரதப் பகுதிதான் ரீச்சர். நடுவில் சக்கரம் மாதிரி ஒரு தட்டு, மேலும் கீழும் ஒவ்வோர் அறை, அறைக்கு மூன்று ஏசிபி. இரண்டு பக்கமும் நெகிழ்வான இழையால் கட்டியிருப்பதால், நங்கூரமிட்ட வள்ளம் போல அந்த எல்லைக்குள்ளேயே அலையும். தாக்க மையங்கள் எல்லாம் உட்பக்கம் பார்த்தபடி இருக்கும். ஒரு சுற்று முடிய இரண்டு காபன் கூடும். 16, 18 காபன் ஆனதும் கோஎன்சைம் ஏ என்ற காவி மூலக்கூறுக்கு மாற்றி வெளியே அனுப்பிவிடும்.

உவர்மலை ரீச்சர்:
சரி தம்பி, விளங்குது. ஆனால் மதுவம் (ஈஸ்ட்) இருக்க, இந்தப் படத்துக்கு ஏன் தெர்மோமைசிஸ் என்ற பூஞ்சையை எடுத்தார்கள்?

நிலாவெளியான்:
அது சூடு விரும்பும் பூஞ்சை. அப்படியானவற்றின் புரதங்கள் லேசில் குலையாது, பளிங்காக்க வசதி. சூரிச்சில் நெனாட் பான் என்ற ஆய்வாளரின் குழு அதன் அமைப்பை 2006 இல் 5 ஆங்ஸ்ட்ரம் பிரிதிறனில் பார்த்தது, 2007 இல் 3.1 (எண் சிறிதானால் படம் தெளிவு). மதுவத்தின் நொதிய அமைப்பும் அதே 2007 இல் வந்தது. அப்புறம், பெடியனுக்கு இதையும் சொல்லுங்கோ: பாலூட்டிகளில் இது பீப்பாய் இல்லை, எக்ஸ் வடிவம்.